ரெசின் குளமும் காவோலைப் பனையும்

மாடல் ரயில் பற்றிக் கேட்கலாம் என்றதும் வந்து குவிந்த கடிதங்களில் எஞ்சினைப் பற்றிய கேள்வி மிகக் குறைவு. மலை, மரம், வயல், குளம், கடல் என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதும் அதுதான். எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அது ஓடும் ஊரை நாம்தான் உண்டாக்க வேண்டும். கீழே வரும் கணக்கெல்லாம் 1:87 என்கிற ஹெச்.ஓ. அளவுக்கு. வேறு அளவானால் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கே: ஆறு, குளத்துக்கு நிஜத் தண்ணீரையே விட்டால் என்ன?
– சேலம் வாசகர்

ப: வேண்டாம். ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. ஹெச்.ஓ. மனிதனின் உயரம் 2 சென்டிமீட்டர். குழாயில் சொட்டும் ஒரு துளி 4 மில்லிமீட்டர் என்றால், அந்த ஆளுக்கு அது 35 சென்டிமீட்டர் உருண்டை. ஒரு துளி தலையில் விழுந்தால் ஆள் காலி.

அலையும் அப்படித்தான். 1.7 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிற்றலைகளை நடத்துவது நீரின் மேற்பரப்பு இழுவிசை. அதைவிடப் பெரிய அலைகளைப் புவியீர்ப்பு நடத்துகிறது. மாடலில் 1.7 சென்டிமீட்டர் என்பது நிஜத்தில் ஒன்றரை மீட்டர். ஆகவே உங்கள் ஆற்றில் எழும் அலை எல்லாமே தப்பான வடிவத்தில், தப்பான வேகத்தில் ஓடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொம்மை என்று மட்டும் உடனே தெரிந்துவிடும். மினியேச்சர் கப்பலைத் தொட்டியில் விட்டுப் படமெடுத்த சினிமாக்காரர்கள் கேமராவை அதிவேகத்தில் ஓட்டியது இதற்காகத்தான். 1:87-க்குக் கணக்குப்படி 9 மடங்கு வேகம் வேண்டும். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் மினியாட்டூர் வுண்டர்லாண்டில், ஸ்காண்டிநேவியப் பகுதிக்குச் சுமார் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அங்கே கப்பல்கள் உண்மையாகவே மிதந்து போகின்றன, அதற்காக. பராமரிக்க ஆட்களும் இருக்கிறார்கள். நம் வீட்டில் தண்டவாளத்தில் மின்சாரம், அடியில் பிளைவுட், தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு. மாநகராட்சி அபராதம் தனி.

கே: நவராத்திரிக் கொலுவில் பார்க் கட்டும்போது கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளம் என்போம். மாடலுக்கும் அது போதாதா?
– கும்பகோணம் வாசகி

ப: கொலுவுக்குப் போதும். மாடலுக்குப் போதாது. மகாமகக் குளத்தங்கரையில் நின்று காலடியில் இருக்கும் நீரைப் பாருங்கள். அடியில் உள்ள படி தெரியும். நேர் மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. இப்போது எதிர்க்கரைப் பக்கம் பாருங்கள். பார்வை நீர்மட்டத்துக்கு 10 டிகிரி அளவுக்குச் சாயும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி திரும்புகிறது. மண்டபம் தலைகீழாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு இந்த வித்தியாசமே இல்லை. எங்கிருந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பிவிடும். குனிந்து பார்க்கிறவருக்குக் குளம் தெரியாது. தன் முகமும் டியூப்லைட்டும்தான் தெரியும்.

ரெசினும் பளபளப்பான வார்னிஷும் தண்ணீரின் இதே குணத்தோடு நடந்துகொள்கின்றன. மேலிருந்து பார்த்தால் அடி தெரியும், சாய்ந்து பார்த்தால் கரை தெரியும். அடியில் வண்ணம், மேலே பளபளப்பு. மாடல் தண்ணீர் மொத்தமும் இந்த இரண்டுதான்.

கண்ணாடியை வீணாக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். கலிபோர்னியாவில் மான்டரே ஊரில் ஜான் ஆலன் கட்டிய லேஅவுட்டில் கண்ணாடிகளை அப்படித்தான் பொருத்தியிருந்தார். சின்ன இடம் நீண்டுகொண்டே போவதாகத் தெரியும்.

கே: குளத்துக்கு என்ன நீலம் அடிக்கலாம்?
– விருதுநகர் வாசகர்

ப: எந்த நீலமும் வேண்டாம். உங்கள் ஊர் ஊருணியை நேரில் போய்ப் பாருங்கள். வெயில் காலத்தில் பாசிப் பச்சை, மழைக்குப் பின் செம்மண் கலங்கல். நீலம் வானத்துடையது, பளபளப்பு இருந்தால் அது தானாக வந்து விழும். நடுவில் அடர்ந்த பழுப்புப் பச்சை, கரையை நெருங்க நெருங்க மண் நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் காயும் முன்பே தூரிகையால் கலைத்துவிட வேண்டும். கோடு விழுந்தால் குளம் கெட்டது.

கே: ரெசின் ஊற்றும் முறையை ஆதியிலிருந்து சொல்லுங்கள்.
– கோயம்புத்தூர் வாசகர்

ப: ஊற்றுவது கடைசி வேலை. அதற்குள் குளம் முழுதாக முடிந்திருக்க வேண்டும்.

முதலில் ரசமட்டம். கொத்தனார் கையில் இருக்கும் அதே கருவியை மேஜைமேல் வையுங்கள். பலகை அரை சென்டிமீட்டர் சாய்ந்திருந்தாலும் ரெசின் ஒரு பக்கம் தேங்கி, மறுபக்கத்தில் தரையைக் காட்டிவிடும். அடுத்து ஓட்டை. தண்ணீர் நுழையாத இடத்திலும் ரெசின் நுழையும். ஒயர் போன துளை, பிளாஸ்டரில் விழுந்த மயிரிழை விரிசல், எல்லாவற்றையும் அடைத்து, குளத்தின் அடி முழுக்க ஃபெவிகாலை இரண்டு பூச்சு பூசிக் காயவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் மறுநாள் காலையில் குளத்தைத் தரையில்தான் பார்ப்பார்கள்.

பிறகு குளத்துக்குள் என்னென்ன கிடக்கும் என்று யோசியுங்கள். கரையோரம் சரிந்த கல், முறிந்த கிளை, மூழ்கிய படி. நிஜப் படி ஒன்றின் உயரம் 20 சென்டிமீட்டர் என்றால் மாடலில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தடித்த அட்டையே போதும். வண்ணம் அடித்து, எல்லாம் காய்ந்த பிறகு ரெசினையும் ஹார்டனரையும் புட்டியில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்து கலக்குங்கள். கண்ணளவு கூடாது. அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி ஏறும். மெதுவாக, பாத்திரத்தின் சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீட்டர் கனம் போதும். ரெசின் இறுகும்போது சூடாகும். மொத்தமாக ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே விரிசலும் மஞ்சளும் வரும். ஒரு நாள் விட்டு அடுத்த அடுக்கு. குமிழிகளைப் போக்க ஹீட் கன்னை ஓரடி உயரத்தில் பிடித்து ஒரு வீச்சு வீசினால் போதும். தூசி விழாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

இறுகிய பிறகு பார்த்தால் கரையோரம் ரெசின் மெலிதாக மேலே ஏறி மினுங்கும். அங்கே சலித்த மண்ணைத் தூவி மறையுங்கள். காற்று வீசும் குளம் வேண்டுமானால் அக்ரிலிக் குளாஸ் ஜெல்லைத் தூரிகை நுனியால் ஒற்றி ஒற்றிச் சிற்றலை எழுப்பலாம்.

இலைகளுக்கு ஆபீஸ் பஞ்சிங் மெஷின் இருக்கிறது. அது வெட்டித் தள்ளும் வட்டம் 6 மில்லிமீட்டர். மாடலில் அரை மீட்டர் அகலத் தாமரை இலை. பச்சை அடித்து நடுவில் லேசாக அழுத்திக் குழி விடுங்கள். அல்லி இலைக்கு ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு உண்டு, தாமரை இலைக்குக் கிடையாது. அல்லி வேண்டுமென்றால் வட்டத்தைச் சின்னதாக்கி ஒரு வெட்டு கொடுங்கள்.

கே: ஐப்பசியில் ஊற்றினேன். மேலே பால் படிந்ததுபோல் ஆகிவிட்டது. ஏன்?
– சென்னை வாசகர்

ப: ஐப்பசிதான் காரணம். ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் மேற்பரப்பு வெளுக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிதாக ஒரு பூச்சு குளாஸ் வார்னிஷ் கொடுங்கள். பெரும்பாலும் சரியாகும். சென்னையில் ரெசின் வேலைக்கு மாசியும் பங்குனியும் நல்லது.

கே: தெர்மாகோல் மலையடியில் ரெசின் ஊற்றலாமா?
– நாமக்கல் வாசகர்

ப: எபாக்சி என்றால் மெல்லிய அடுக்காக ஊற்றலாம். பாலியெஸ்டர் ரெசின் என்றால் மலையையே கரைத்துவிடும். ஸ்பிரே பெயிண்டும் அதே காரியத்தைச் செய்யும்.

கே: ஆடிப்பெருக்குக் காவிரியை மாடலில் கொண்டுவர எவ்வளவு ரெசின் ஆகும்?
– திருச்சி வாசகர்

ப: ஒரு சொட்டுகூட வேண்டாம். ஆடி 18-இல் புதுவெள்ளம் வரும்போது காவிரியின் அடி யாருக்குத் தெரிகிறது? கலங்கல் நீர் ஒளியை உள்ளே விடாது. பிளைவுட்டில் செம்பழுப்பு அடித்து, ஓட்டத்தின் திசையில் வெளிர் பழுப்புக் கீற்றுகள் இழுத்து, பாலத்தூண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுழலை ஜெல்லில் தீட்டி, மேலே இரண்டு பூச்சு குளாஸ் வார்னிஷ். முடிந்தது. ரெசின் செலவு அடி தெரியும் தெளிந்த தண்ணீருக்கு மட்டும்தான். மர வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகும், அக்ரிலிக் வாங்குங்கள்.

கே: பாம்பன் பாலத்தை அப்படியே செய்ய ஆசை. முடியுமா?
– இராமநாதபுரம் வாசகர்

ப: 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நீளம் சுமார் 2.06 கிலோமீட்டர். ஹெச்.ஓ.வில் 23.7 மீட்டர். 1:160 என்கிற ‘என்’ (N) அளவில்கூட 13 மீட்டர். கல்யாண மண்டபம் சொந்தமாக இருந்தால் முடியும்.

இல்லாதவர்கள் சுருக்க வேண்டும். எதை விடக்கூடாது என்பதுதான் கேள்வி. பழைய பாலம் என்றால் இரண்டாகப் பிளந்து எழும் ஷெர்ஸர் தூக்குப் பகுதியும், அதற்கு இரு பக்கமும் ஆறேழு சிறு கண்களும் இருந்தால் போதும், பாம்பன் என்று எல்லோருக்கும் தெரியும். சிறு கண் ஒன்று சுமார் 12 மீட்டர், அதாவது மாடலில் 14 சென்டிமீட்டர். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலம் என்றால், அப்படியே செங்குத்தாக மேலெழும் தூக்குப் பகுதி 72.5 மீட்டர், மாடலில் 83 சென்டிமீட்டர். அது 17 மீட்டர் மேலே போகிறது. மாடலில் 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன மோட்டாரும் நூலும் போதும், நிஜமாகவே தூக்கலாம்.

ஆனால் பாம்பனைப் பாம்பனாக்குவது கடல். பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குக் காற்று வந்ததும் எல்லாம் தலைகீழ். எனவே முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஆனி என்றால் பாலத்தின் தென்பக்கம் அலை, வடபக்கம் மெல்லிய சிலிர்ப்பு மட்டும். இரு பக்கமும் ஒரே அலை போட்ட பாம்பன் மாடல், பாலம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தவறானது.

இந்தக் கடலுக்கும் ரெசின் தேவையில்லை, டிஷ்யூ பேப்பர் போதும். பிளைவுட்டில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி, டிஷ்யூவைப் பரப்பி, மேலேயும் அதே கலவையைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே விரல் நுனியால் சுருக்கங்களைக் காற்றின் திசைக்குக் குறுக்கே ஒதுக்குங்கள். நிஜத்தில் 30 சென்டிமீட்டர் அலை மாடலில் மூன்றரை மில்லிமீட்டர், அதற்குமேல் எழுப்பாதீர்கள். காய்ந்த பிறகு வண்ணம். அங்கே கடல் ஆழமில்லை. மணல் தெரியும் இடம் வெளிர் பச்சை நீலம், கடற்புல்லும் பாறையும் உள்ள இடம் கருந்திட்டு. கடைசியில் குளாஸ் வார்னிஷ் மூன்று பூச்சு. நுரைக்கு, காய்ந்த தூரிகையில் துளி வெள்ளை எடுத்து அலையின் முகட்டில் மட்டும் தொட்டும் தொடாமலும்.

கே: துத்சாகர் அருவியோடு ஒரு மாடல்?
– ஓசூர் வாசகர்

ப: 310 மீட்டர் அருவி ஹெச்.ஓ.வில் மூன்றரை மீட்டர். உங்கள் வீட்டுக் கூரை எவ்வளவு உயரம்? ரயில் போகும் பாலத்தையும் அதற்கு மேலும் கீழும் ஒரு பகுதியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன்தொட்டி ஒட்டும் நிறமற்ற சிலிகானை பாலிதீன் தாள்மேல் நீளமாகப் பிதுக்கி, பல்குச்சியால் வகிடு வகிடாக இழுத்து, ஒரு நாள் கழித்து உரித்தெடுத்தால் விழுது தயார். அதைப் பாறையில் ஒட்டியபின் வெள்ளை தீட்ட மறக்காதீர்கள். காற்று கலப்பதால்தான் அருவி வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக விட்டால் பாறையில் பிளாஸ்டிக் தொங்கும். கீழே சாரலுக்குத் தலையணைப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு.

கே: வெளிநாட்டு மரங்கள் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. பனைமரம் கிடைக்கவில்லை. செய்வது எப்படி?
– திருச்செந்தூர் வாசகி

ப: நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி. பனை இல்லாமல் தென் மாவட்டத்து ரயில் பாதை இல்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஈச்சமரத்தை நட்டால் ரயில் திருச்செந்தூருக்குப் போகாது, பாலைவனத்துக்குத்தான் போகும்.

உயரத்தில் தைரியமாக இருங்கள். 20 மீட்டர் பனை மாடலில் 23 சென்டிமீட்டர். முதிர்ந்த பனை 30 மீட்டர் தொட்டால் 34 சென்டிமீட்டர். பலரும் ரயிலைவிடக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். பனை அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு உயர்ந்து நிற்க வேண்டிய மரம். தண்டுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனத்தில் வழவழப்பான குச்சி. அடியில் எம்-சீல் அப்பிச் சற்றுப் பருமனாக்குங்கள். நிறம் பழுப்பில்லை, சாம்பல் கலந்த கருப்பு.

ஓலைக்கு மெல்லிய தாளின் இரு பக்கமும் பச்சை அடித்து, 15 மில்லிமீட்டர் வட்டங்களாக நறுக்கி, ஒரு கீற்றை வெட்டியெடுங்கள். விசிறி மடிப்பாக மடித்து விரியுங்கள். ஓரத்திலிருந்து பாதி ஆழம்வரை கத்தரிக்கோலால் பொடிப்பொடியாகக் கீறுங்கள். மின்ஒயரை உரித்தால் வரும் செப்புக் கம்பி இழைதான் மட்டை. நீளம் 13 மில்லிமீட்டர். ஒரு மரத்துக்கு முப்பது ஓலையாவது வேண்டும். தென்னைபோல் கவிழ்ந்து தொங்கவிடாமல் எல்லாத் திசையிலும் குத்திட்டு நிறுத்துங்கள். பனையின் தலை கிட்டத்தட்ட முழு உருண்டை. உச்சியில் வெளிர் மஞ்சளாக ஒரு குருத்தோலை.

இத்தனையும் செய்து காவோலையை விட்டால் மரம் பொய்யாகிவிடும். ஏழெட்டு ஓலையை வைக்கோல் நிறத்தில் அடித்து, தலைக்கு அடியில் தண்டை ஒட்டித் தொங்கவிடுங்கள். ஆள் ஏறாத பனையில் அது அடுக்கடுக்காகத் தொங்கும், வருஷாவருஷம் ஏறும் பனையில் கழித்திருப்பார்கள். பெண் பனையானால் நுங்குக் குலை வேண்டும். கடுகை ஃபெவிகாலில் கொத்தாக ஒட்டிக் கருஞ்சிவப்பு அடித்துவிடுங்கள். அளவு கச்சிதமாக வரும்.

பக்கத்தில் நிழலுக்கு வேம்பு, கரைமேட்டில் எருக்கு, மீதி இடமெல்லாம் சீமைக் கருவேலம். அதுதான் இன்றைய நிஜம்.

கே: கடற்கரை மணலைத் தண்டவாள ஜல்லியாகப் போடலாமா? இலவசமாகக் கிடைக்கிறது.
– நாகர்கோவில் வாசகர்

ப: உங்கள் ஊர் மணலை நிச்சயம் போடாதீர்கள். கன்னியாகுமரிக் கரையின் கருமணலில் மேக்னடைட், இல்மனைட் போன்ற தாதுக்கள் இருக்கின்றன. எஞ்சினின் மோட்டாருக்குள் இருப்பது காந்தம். மணல் அதில் போய் ஒட்டினால் மோட்டார் போச்சு. உப்பு வேறு. எந்த ஊர் மணலானாலும் கழுவி, காயவைத்து, தாளில் பரப்பி, மேலே ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டினால் அதை மலைச்சரிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தண்டவாளத்துக்கு வேண்டாம்.

இந்திய ரயில்வே போடும் கருங்கல் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை. மாடலில் முக்கால் மில்லிமீட்டருக்குள். சாம்பல் நிறக் கல் துகளை டீ வடிகட்டியில் சலித்தால் சரியாக வரும்.

கே: ஜல்லியைப் பரப்பிப் பசை ஊற்றினால் எல்லாம் உருண்டு ஓடுகிறதே?
– ஈரோடு வாசகர்

ப: பசைக்கு முன் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரை, தலைக்கு மேலே பிடித்துப் பனிபோல் தெளியுங்கள். ஜல்லி முழுக்க நனைந்தபின் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, சிரிஞ்சால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே சொட்டு சொட்டாக விடுங்கள். நனைந்த ஜல்லி பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாயிண்ட் நகரும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டும் விழக்கூடாது.

கே: கொசு அடிக்கும் பேட்டில் புல் நடலாமாமே?
– மதுரை, பள்ளி மாணவர்

ப: நடலாம் தம்பி, ஆனால் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இல்லாமல் தொடாதே. பேட்டுக்குள் இருக்கும் உயர் மின்னழுத்தம், அணைத்த பிறகும் சற்று நேரம் உள்ளே தங்கியிருக்கும். விஷயம் இதுதான்: உலோக வடிகட்டியை ஒரு முனையிலும், ஈரப் பசையில் குத்திய ஆணியை மறுமுனையிலும் இணைத்தால், வடிகட்டியிலிருந்து விழும் நைலான் இழைகள் மின்னேற்றம் பெற்றுப் பசையில் நட்டுக்க நிற்கும். ஈரக்காற்று உள்ள நாளில் மின்னேற்றம் கசிந்துவிடும், இழைகள் படுத்துவிடும்.

2 மில்லிமீட்டர் இழை நிஜத்தில் 17 சென்டிமீட்டர். நாற்றங்காலுக்குச் சரி. கதிர் முற்றிய நெல்லுக்கு 10, 11 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் வாங்கும் இழை ஐரோப்பிய வசந்தகாலப் பச்சையில் இருக்கும். பாதிக்குப் பாதி வைக்கோல் நிறம் கலந்தால்தான் நம் மண்ணில் ஒட்டும்.

கே: ஊட்டி ரயில் மாடலில் தேயிலைத் தோட்டத்தை எங்கே வைப்பது?
– மேட்டுப்பாளையம் வாசகர்

ப: உங்களுக்குத் தெரியாததா? மலை ரயில் மாடல் செய்கிறவர்கள் பாதை நெடுகத் தேயிலையைப் போட்டுவிடுகிறார்கள். 46 கிலோமீட்டரும் ஒரே காட்சி கிடையாது. கல்லாறு பக்கம் பாக்குத் தோப்பு. அங்கிருந்து பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும்போது காடும் ஈரப்பாறையும் குகைப்பாதையும். குன்னூரை நெருங்கும்போதுதான் தேயிலை. கவாத்து செய்த செடி 60, 70 சென்டிமீட்டர் உயரம், தட்டையான தலை. பழைய ஸ்பாஞ்சைத் தண்ணீரோடு மிக்ஸியில் அடித்து, பச்சை ஏற்றி, காயவைத்து, 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குவித்துத் தலையை நறுக்குங்கள். வரிசை சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். இடையிடையே நெட்டையாகச் சில்வர் ஓக். மீட்டர் கேஜ் என்பதால் தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள், வழக்கமான 16.5 பொருந்தாது. ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தூரத்து மலைகளுக்குப் பச்சையே வேண்டாம். தொலைவு கூடக்கூட வெளிறிய நீலச் சாம்பல்.

கே: மைதா பசையும் காகிதமும் வைத்து மலை கட்டினேன். கரப்பான் பூச்சி தின்கிறது.
– புதுச்சேரி வாசகர்

ப: புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்குத்தான். விஷம் என்பதால் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். நிஜ மண் போடுகிறவர்கள் வாணலியில் வறுத்துச் சலித்துப் போடுங்கள், முட்டையும் பூஞ்சையும் போய்விடும்.

கே: ஒரு படுக்கையறை வீடு. இடமில்லை. என்ன செய்வது?
– சென்னை வாசகி

ப: மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒரே பலகை. ஒரு லெவல் கிராசிங், ஒரு பனை, ஒரு குளம். ரயில் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனால் போதும். அலமாரித் தட்டில் அடங்கும். அறை நிறைய அரைகுறையாகக் கிடக்கும் லேஅவுட்டைவிட முடிந்த மூன்றடி உயர்ந்தது.

கே: அறுபது வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– தஞ்சாவூர் வாசகர்

ப: தேவை. கண்ணுக்கும் கைக்கும் பொறுமைக்கும் ஒரே நேரத்தில் வேலை. பேரப்பிள்ளையைப் பசை தடவ விடுங்கள், வீட்டில் கேட்பது நின்றுவிடும்.

கே: உலகத்தில் நீங்கள் மிக உயர்வாக மதிக்கும் மாடல் எது? நாங்கள் எதைச் செய்யலாம்?
– செங்கோட்டை வாசகர்

ப: இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இருக்கும் பெண்டன் மியூசியம். ஹாம்பர்க் பிரம்மாண்டம், பெண்டன் வேறு ஜாதி. ராய் இங்லண்ட் என்பவர் 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அந்த வட்டாரத்தின் கூரை வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாறிப்போவதைப் பார்த்தார். அழிவதற்குள் அவற்றை அளந்து, 1:76 அளவில் அப்படியே செய்துவைக்க முனைந்தார். 1954-இல் மியூசியமாயிற்று. 1930-களின் நாட்டுப்புறம் அங்கே நிற்கிறது. தோட்டத்துச் செடி உட்பட எல்லாம் ஒரு நிஜ வீட்டைப் பார்த்துச் செய்தவை. அவருக்குப் பின்னும் தன்னார்வலர்கள் தொடர்ந்து செய்துவருகிறார்கள். ஜான் ஆலனின் லேஅவுட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1973 ஜனவரியில் அவர் காலமான சில நாட்களில் தீயில் போய்விட்டது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதை 2010-இல் மூடப்பட்டது. அகலப் பாதையில் ரயில் மலையைத் தாண்டியது 2018-இல். மதுரை–போடி பாதையிலும் மீட்டர் கேஜ் அதே 2010-இல் நின்றது. போடிக்கு அகல ரயில் வந்தது 2023-இல். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் இன்று நீலகிரியில் மட்டும்தான் ஓடுகிறது. பழைய ஓட்டுக்கூரை ஸ்டேஷன்களும், தண்ணீர்த் தொட்டிகளும், பிளாட்பாரத்து வேப்பமரங்களும் பல இடங்களில் ஏற்கெனவே போய்விட்டன. உங்கள் ஊரில் மிஞ்சியிருப்பதை இந்த மாதமே போய் அனுமதி கேட்டு அளந்துவிடுங்கள். டேப் ஒன்று, நோட்டு ஒன்று, நான்கு பக்கமும் படம். சுவரின் சுண்ணாம்பு நிறம், ஓட்டின் வரிசை எண்ணிக்கை, பக்கத்தில் நிற்கும் மரம் என்ன, எத்தனை அடி தள்ளி நிற்கிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் யாராவது இருந்தால் குளம் எங்கே இருந்தது, எந்த மாதம் நிறையும் என்று கேளுங்கள். மாடலை அடுத்த வருஷம்கூடத் தொடங்கலாம், அளவை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.